தூக்கே போடலைன்னா அந்தச் சட்டத்தை எதுக்கு எதிர்க்கணும்? (வாசகர் கேள்வி பதில்)

ரெண்டு இதழுக்கு முன்னாடி உகாண்டாவோட தன்பாலின எதிர்ப்புச் சட்டத்தைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், நிஜமாவே நாலே வரிதான், அதுல மரணதண்டனை வரைக்கும் இருக்கு, அந்த ஊர்க்காரங்களே எதிர்த்துக் கோர்ட்டுல நிக்கிறாங்கன்னு. அதுக்கு வந்த லெட்டரும் மெயிலும் பார்த்தா இந்த வாரம் மாம்பழ ஊறுகாய்க் கேள்வி, பி.எஃப். கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இதையே பேசிடலாம்னு தோணுச்சு. பாதி லெட்டர்ல திட்டு. அதுல அச்சுல போடக்கூடியதை மட்டும் எடுத்திருக்கேன்.

கல்லூரி மாணவர், மதுரை: அண்ணா, உகாண்டாவுல 1999க்கு அப்புறம் சிவிலியன் யாரையும் தூக்குல போட்டதே இல்லைன்னு படிச்சேன். சும்மா பேப்பர்ல இருக்கிற ஒரு தண்டனைக்கு இவ்ளோ போராட்டம் எதுக்கு?

தம்பி, நல்லாத்தான் தேடியிருக்க. 1999 ஏப்ரல்ல லுசிரா ஜெயில்ல ஒரே நாள்ல 28 பேரைத் தூக்குல போட்டாங்க, அதுக்கப்புறம் ராணுவக் கோர்ட்டு கேஸ்ல சுட்டதைத் தவிர வேற இல்லை. அது சரி. ஆனா பேப்பர்ல இருக்கிறது என்னென்ன பண்ணும்னு உனக்கு ஒரு கதை சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோ.

2009 அக்டோபர்ல டேவிட் பஹாட்டின்னு ஒரு எம்.பி. அந்த நாட்டுப் பார்லிமெண்ட்ல ஒரு மசோதா கொண்டு வர்றார். தன்பாலின உறவுக்கு ஆயுள், அதுலயே சிலதுக்கு மரணதண்டனை. மசோதாதான், சட்டம் ஆகலை, இதை மனசுல வச்சுக்கோ. அடுத்த வருஷம் அக்டோபர்ல கம்பாலாவுல ரோலிங் ஸ்டோன்னு ஒரு சின்னப் பத்திரிகை (அமெரிக்காவுல வர்ற அந்தப் பாட்டுப் பத்திரிகைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது) தன்பாலின ஈர்ப்பாளர்கள்னு சொல்லி ஆளுங்களோட பேரு போட்டோ எல்லாம் அச்சடிச்சு, அட்டையிலயே 'தூக்குல போடுங்க'ன்னு போட்டுருச்சு. அட்டையில இருந்த முகத்துல ஒண்ணு டேவிட் காட்டோவோடது. அவர் ஸ்கூல் டீச்சரா இருந்தவர், அப்புறம் முழுநேரமா இந்த உரிமை வேலையில இறங்கினவர்.

அவரும் காஷா ஜாக்குலின் நபகெசெரா, பெப்பே ஜூலியன் ஒன்சிமான்னு இன்னும் ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போறாங்க. 2011 ஜனவரி 3ஆம் தேதி ஹைகோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுது, இந்த மாதிரி பேரு போடக்கூடாது, ஆளுக்கு 15 லட்சம் உகாண்டா ஷில்லிங் நஷ்டஈடு. ஜெயிச்சாச்சு. ஜனவரி 26ஆம் தேதி காட்டோவை அவர் வீட்டுக்குள்ளயே சுத்தியலால அடிச்சுக் கொன்னுட்டாங்க. 23 நாள்தான் ஆச்சு. போலீஸ் இதுக்கும் அவர் வேலைக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிச்சு, ஒருத்தனுக்கு 30 வருஷம் ஜெயிலும் ஆச்சு, அந்தக் கேஸுக்கு நான் தீர்ப்பு சொல்ல வரலை.

நான் சொல்ல வந்தது அவரோட சாவு காரியத்தைப் பத்தி. சர்ச்சுல இருந்து வந்த பாதிரியார் மைக்கைப் பிடிச்சு, பொட்டிக்குள்ள படுத்திருக்கிறவரோட அம்மா எதிர்ல உக்காந்திருக்க, தன்பாலின ஈர்ப்பு பாவம் திருந்துங்கடான்னு வந்திருந்த பசங்களைப் பார்த்துக் கத்த ஆரம்பிச்சுட்டார். தள்ளுமுள்ளு ஆயிருச்சு, காட்டோவோட ஃப்ரெண்ட்ஸ் மைக்கைப் பிடுங்கிட்டாங்க. ஊர்க்காரங்க பொட்டியைத் தூக்கமாட்டேன், குழியில இறக்கமாட்டேன்னு ஒதுங்கிட்டாங்க. அப்புறம் அந்தப் பசங்களே தோள்ல தூக்கிட்டுப் போய், கிறிஸ்டபர் சென்யோஞ்சோன்னு ஒரு வயசான பிஷப், இவங்களுக்கு ஆதரவா பேசினதுக்காகவே சர்ச் ஒதுக்கி வச்ச மனுஷன், அவர் ஜெபம் சொல்லிப் புதைச்சாங்க.

நம்ம ஊர்ல எவ்ளோ பகையா இருந்தாலும் சாவுக்கு மட்டும் போய் நிப்பாங்க இல்லையா. எந்தக் கோர்ட்டும் தண்டனை குடுக்காத ஒருத்தர் உடம்புல கை வைக்க ஊருக்கே கூசுச்சுன்னா அந்தக் கூச்சம் ஒரே நாள்ல வந்திருக்காது தம்பி, பார்லிமெண்ட்ல ஒருத்தர் எந்திரிச்சு இவங்களைக் கொல்லலாம்னு எழுதிக் குடுக்கிறார், பத்திரிகை அதையே அட்டையில போடுது, பாதிரியார் மைக்ல சொல்றார், அப்புறம் ஊர்க்காரன் என்ன பண்ணுவான்.

எங்க தெருவுலயே ரெண்டு பசங்க சேர்ந்து வீடு பார்க்க வந்தாங்க, ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் வாங்கிட்டார், மறுநாள் யாரோ எதையோ சொல்ல, கூப்பிட்டுக் காசைத் திருப்பிக் குடுத்துட்டு 'ஃபேமிலிக்குத்தான் விடறோம்'னார். காசைத் தெருவுல வச்சே எண்ணிக் குடுத்தார், அந்தப் பையன் திருப்பி எண்ணாமலே பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனான். இங்க எந்தச் சட்டமும் அவரை அப்படிப் பண்ணச் சொல்லலை. உகாண்டாவோட 2023 சட்டம் சொல்லுச்சு, தெரிஞ்சே வீடு குடுத்தா ஓனருக்கு 10 வருஷம் வரைக்கும் ஜெயில்னு. எத்தனை பேரை வீட்டை விட்டுக் காலி பண்ணியிருப்பாங்கன்னு நீயே யோசிச்சுக்கோ. எச்ஐவி கிளினிக்குக்கு மாத்திரை வாங்க வர்ற கூட்டமும் குறைஞ்சு போச்சு. கயிறு இன்னும் யார் கழுத்துலயும் விழலை, ஆனா அதே 2023 ஆகஸ்ட்ல சொரோட்டிங்கிற ஊர்ல ஒரு 20 வயசுப் பையன் மேல மரணதண்டனை செக்ஷன்லயே கேஸ் போட்டாங்க. அந்தப் பையன்கிட்டப் போய் இது சும்மா பேப்பர்ல இருக்கிறதுன்னு நம்மால சொல்ல முடியுமா.

வழக்கறிஞர், கோவை: மரணதண்டனையை நானும் எதிர்க்கிறவதான். ஆனா இதை மட்டும் 'பாகுபாடான' மரணதண்டனைன்னு ஏன் தனியா சொல்றீங்க? குழந்தைகளைச் சீரழிக்கிறவங்களுக்குத்தான் அந்தத் தண்டனைன்னு அவங்க சொல்றாங்களே?

மேடம், உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போறதில்லை, ஆனா சட்டத்தைக் கையில எடுத்துப் படிச்சா விஷயம் புரிஞ்சுரும். குழந்தைகளைச் சீரழிக்கிறவங்களுக்கு மரணதண்டனைங்கறது அங்க 2007லயே வந்தாச்சு, பீனல் கோடுல திருத்தம் பண்ணி, ஆணா பெண்ணான்னு பார்க்காம. அப்ப புதுசா ஒண்ணு எதுக்கு?

புதுச்சட்டத்துல 'கடுமையான தன்பாலினக் குற்றம்'னு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க. 18 வயசுக்குக் கீழ, 75 வயசுக்கு மேலன்னு வரும், அதோடயே மாற்றுத்திறனாளின்னு வரும், ரெண்டாவது தடவை மாட்டினவர்னு வரும். இந்தக் கடைசி ரெண்டையும் நிதானமாப் பாருங்க. ரெண்டு பேரும் 30 வயசு, ரெண்டு பேருக்கும் சம்மதம், கதவைச் சாத்திக்கிட்டுத் தங்கள் வீட்டுல இருக்காங்க, அதுல ஒருத்தர் முன்னாடி ஒருதடவை இதே குற்றத்துக்குத் தண்டனை வாங்கியிருந்தா அடுத்தது மரணதண்டனை வரைக்கும் போகலாம். சம்மதம்ங்கறது டிஃபென்ஸே கிடையாதுன்னு சட்டமே சொல்லிருது. ஒருத்தர் கால் ஊனமானவரா இருந்தா அவருக்குன்னு சொந்தமா ஒரு விருப்பம் இருக்கமுடியாதுன்னு சட்டம் முடிவு பண்ணிருது, அவரைக் காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டே. அங்க இருக்கிற மனித உரிமை வக்கீலுங்க இதைப் பிடிச்சுத்தான் ரொம்பக் கோவமா வாதாடினாங்க.

இதே காரியத்தை ஒரு ஆணும் பெண்ணும் பண்ணா குற்றமே இல்லை. ஆள் யாருங்கறதைப் பார்த்துக் கயிறு அளந்து குடுக்கிற சட்டம் இது, அதைப் பாகுபாடுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாகர்கோவில்: வெள்ளைக்காரன் காசுக்கு ஆடுறவங்க சொல்றதை எல்லாம் நீங்களும் எழுதறீங்க. அது அவங்க நாடு, அவங்க கலாச்சாரம், நீ யாருய்யா கேக்கிறதுக்கு?

'யாருய்யா'வுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு வார்த்தை இருந்துச்சு, அதை வெட்டிட்டேன், மன்னிக்கணும்.

கலாச்சாரம்னு சொன்னீங்க. உகாண்டாவுல தன்பாலின உறவு குற்றம்னு பழைய பீனல் கோடுல இருக்கே, அது 1950ல, நாடு பிரிட்டிஷ்காரன் கையில இருந்தப்ப போட்டது. 'இயற்கைக்கு மாறான'ங்கற அந்த வார்த்தை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம பழைய இ.பி.கோ. 377லயும் அதேதான் இருந்துச்சு. ஊர் ஊராப் போய் ஒரே கார்பன் பேப்பரை வச்சு எழுதின மாதிரி வச்சுட்டுப் போனான். நம்ம சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6ல சம்மதத்தோட இருக்கிற பெரியவங்களை அதுல இருந்து எடுத்துருச்சு, அவங்க அதையே பாட்டன் சொத்து மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்காங்க.

இன்னொண்ணு. 2009 மார்ச்ல கம்பாலாவுல ஒரு கருத்தரங்கம் நடந்துச்சு, அமெரிக்காவுல இருந்து கிறிஸ்தவப் பிரச்சாரகருங்க விமானம் ஏறி வந்து இவங்களால உங்க குடும்பத்துக்கு ஆபத்துன்னு கிளாஸ் எடுத்துட்டுப் போனாங்க. ஏழாவது மாசம் மசோதா வந்துச்சு. அப்ப வெளிநாட்டுச் சரக்கு எதுன்னு நீங்களே சொல்லுங்க. எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவங்க லிஸ்ட்ல கம்பாலா மகரேரே யூனிவர்சிட்டி லா புரொபசர் ஒலோகா ஒன்யாங்கோ இருக்கார், பத்திரிகைக்காரர் ஆண்ட்ரூ ம்வெண்டா இருக்கார், அப்ப ஆளும்கட்சி எம்.பி.யா இருந்த ஃபாக்ஸ் ஒடோய் இருக்கார். எல்லாம் அந்த மண்ணுல பொறந்தவங்க.

காசு விஷயத்துல மட்டும் நீங்க சொல்றதுல ஒரு துளி நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். 2014ல உலக வங்கி 9 கோடி டாலர் கடனை நிறுத்தி வச்சுச்சு, அது ஆஸ்பத்திரிக்கான கடன், 2023 ஆகஸ்ட்ல புதுக்கடனே கிடையாதுன்னுச்சு, 2025ல மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. இந்த மாதிரி காசை நிறுத்தும்போது ஊர்ல பேரு கெட்டுப்போறது யாருக்கு? அந்தத் தன்பாலினப் பசங்களுக்குத்தான், உங்களாலதானே ஆஸ்பத்திரிக்கு மருந்து வரலைன்னு. அதனாலதான் அங்க இருக்கிற அமைப்புங்க எல்லாம் சேர்ந்து 2014லயே வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தாங்க, உதவி பண்றேன்னு நீங்களா எதுவும் பண்ணாதீங்க, எங்களைக் கேட்டுட்டுப் பண்ணுங்கன்னு. வெளிநாட்டு அழுத்தம் வேலைக்கே ஆகாதுன்னும் சொல்லிர முடியாது. புருனேயில 2019 ஏப்ரல்ல தன்பாலின உறவுக்குக் கல்லால அடிச்சுக் கொல்ற தண்டனை அமலுக்கு வந்துச்சு, சுல்தானுக்கு லண்டன்லயும் லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் இருக்கிற பெரிய ஓட்டலுங்களுக்குப் போகாதீங்கன்னு கூப்பாடு கிளம்புச்சு, மே மாசமே சுல்தான் அந்தத் தண்டனையை நிறைவேத்தமாட்டோம்னு டிவியில சொல்லிட்டார். சட்டம் மட்டும் இன்னும் புத்தகத்துல இருக்கு. அங்க அடி விழுந்தது சுல்தானோட ஓட்டல் கல்லாவுல, ஏழை எவன் மருந்துலயும் இல்லை, அந்த வித்தியாசத்தைத்தான் நான் பார்க்கிறேன்.

அரசு ஊழியர், திருச்சி: மரணதண்டனை ஷரத்தை மட்டும் எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுது இல்லையா? கோர்ட்டுல என்னதான் நடந்துச்சு, சுருக்கமா சொல்லுங்க.

சுருக்கமா சொல்ல வராது சார், ஏன்னா இதுலதான் எனக்குச் சொல்றதுக்கு இருக்கு.

ஜவுளிக்கடைப் பேரம் பார்த்திருப்பீங்க. ரெண்டாயிரம்னு ஆரம்பிப்பான், நீங்க மூஞ்சியைச் சுளிப்பீங்க, ஆயிரத்து இருநூறுக்கு இறங்கி வருவான், நீங்க ஜெயிச்சுட்டதா நினைச்சுக்கிட்டு எண்ணூறு ரூபா புடவையை வாங்கிட்டு வருவீங்க. 2009 மசோதாவுல நடந்தது அதுதான். மரணதண்டனைன்னதும் உலகமே கத்துச்சு, நாலு வருஷம் கிடப்புல கிடந்துச்சு, நடுவுல சபாநாயகர் ரெபெக்கா கடாகா இதை உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாத் தர்றேன்னு 2012ல வாக்கு வேற குடுத்தாங்க, கடைசியில 2013 டிசம்பர் 20ஆம் தேதி நிறைவேத்தும்போது மரணதண்டனையை எடுத்துட்டு ஆயுள் போட்டாங்க. அப்பாடான்னு மூச்சு விட்டவங்க நிறைய பேர். ஆயுள்தண்டனையோட ஒரு கொடுஞ்சட்டம் கையில வந்து விழுந்துருச்சு, அதை வாங்கிட்டு வந்ததே தெரியலை. (அதுக்கு ஒம்பது நாள் முன்னாடி, டிசம்பர் 11ஆம் தேதி, நம்ம சுப்ரீம் கோர்ட்தான் 377 செல்லும்னு சொல்லியிருந்துச்சு. ரெண்டு ஊர்லயும் அந்த டிசம்பர் ஒரு மாதிரியான மாசம்.)

ஜனாதிபதி முசெவெனி 2014 பிப்ரவரி 24ல கையெழுத்துப் போட்டார். எதிர்த்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கருத்து சுதந்திரம், சமத்துவம் எல்லாம் மனுவுல எழுதினாங்க, கூடவே ஒரு சின்ன விஷயத்தையும் சேர்த்தாங்க: அன்னைக்கு சபையில ஆளே இல்லைங்க. கோரம். மூணுல ஒரு பங்கு எம்.பி. இருக்கணும், இல்லைன்னு பிரதமரே எந்திரிச்சுச் சொல்றார், சபாநாயகர் காதுல வாங்காம ஓட்டெடுப்பு நடத்திட்டாங்க. 2014 ஆகஸ்ட் 1ல அரசியல் சாசனக் கோர்ட் மத்ததை எல்லாம் தொடவே இல்லை, கோரம் இல்லை, சட்டம் செல்லாது, எந்திரிச்சுப் போங்கன்னுருச்சு. கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை பார்க்கிற உங்களுக்கு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரோட அருமை நான் சொல்லியா தெரியணும்.

சிலபேர் இதை மட்டமாப் பேசினாங்க, டெக்னிக்கலா ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பான்னு. எனக்கு அப்படித் தோணலை. ஒன்பது வருஷம் அந்தச் சட்டம் இல்லாம ஜனங்க இருந்தாங்க, அதுல எத்தனை பேர் படிச்சு, வேலைக்குப் போய், மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு உயிரோட இருந்திருப்பாங்க.

ஆனா டெக்னிக்கலா ஜெயிச்சா எதிராளி அடுத்த தடவை டெக்னிக்கை சரி பண்ணிட்டு வருவான், அதுவும் உண்மை. 2023ல அசுமான் பசலிர்வான்னு ஒரு எம்.பி. கொண்டு வந்தார், மார்ச் 21ல சபை ரொம்பி வழிஞ்சுது, ஒரு எம்.பி. இந்த உறவுக்கு எதிரான வாசகங்களை எழுதின நீளமான அங்கியைப் போட்டுக்கிட்டே வந்து நின்னார். மரணதண்டனை திரும்ப உள்ள வந்துருச்சு. முசெவெனி ஒருதடவை திருப்பி அனுப்பினார், சில ஷரத்தை மாத்தி மே 2ஆம் தேதி மறுபடி ஓட்டு, அதுல எதிர்த்து நின்னது ஃபாக்ஸ் ஒடோய் ஒருத்தர்தான். ஒரு காலத்துல முசெவெனிக்கே சட்ட ஆலோசகரா இருந்தவர். மே 26ல ஜனாதிபதி கையெழுத்து.

2024 ஏப்ரல் 3ல கோர்ட் தீர்ப்பு. அஞ்சு ஜட்ஜும் ஒருமனதா. வீடு குடுத்தா குத்தம்ங்கறதை அடிச்சாங்க, தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லலைன்னா குத்தம்ங்கறதை அடிச்சாங்க, நோய் தொத்துச்சுன்னா மரணதண்டனைங்கற ஒரு ஷரத்தை அடிச்சாங்க. மரணதண்டனையோட மீதியும், ஆயுளும், இதைப் பத்தி ஆதரவா பிரச்சாரம் பண்ணா 20 வருஷம்ங்கறதும் அப்படியே நிக்குது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கருக்கலைப்பு உரிமையை எடுத்த தீர்ப்பை அந்த ஜட்ஜுங்க மேற்கோள் காட்டினாங்கங்கறது எனக்கு ரொம்ப உறுத்துச்சு. ஒரு ஊர் கோர்ட் உரிமையைப் பிடுங்குனா இன்னொரு ஊர் கோர்ட்டுக்குத் தைரியம் வருது. அப்பீல் அவங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கு.

அதனால உங்க கேள்விக்கு: மரணதண்டனையை எடுத்துட்டா போதும்னு கேட்டா, விக்கிறவன் ரெண்டாவதா சொன்ன விலைக்குத் தலையாட்டுறோம்னு அர்த்தம் சார். அங்க இருக்கிறவங்க அதை ஒருதடவை அனுபவிச்சுட்டாங்க.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்: எங்கயோ ஆப்பிரிக்காவுல நடக்கிறதுக்கும் நமக்கும் என்ன தம்பி சம்பந்தம்? நம்ம ஊர்லயே ஆயிரம் இருக்கு.

அம்மா, சம்பந்தம் இருக்கு, அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழியாவே.

வைத்தீஸ்வரன் வழக்குன்னு வக்கீலுங்க சொல்லுவாங்க, 1983 பிப்ரவரி. அந்த ஆள் பண்ணது கொடூரமான காரியம், கஸ்டம்ஸ் அதிகாரி வேஷம் போட்டு ஊருக்குப் புதுசா வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய் மயக்க மாத்திரை குடுத்து நகை பணத்தை எடுத்துக்கிட்டுக் கொன்ன கும்பலோட மூளை அவர்தான். யாருக்கும் பரிதாபமே வராது. தூக்குதண்டனை ஆகி எட்டு வருஷம் தனிக்கொட்டடியில கிடந்தார். நீதிபதி சின்னப்ப ரெட்டி பெஞ்ச், இவ்ளோ வருஷம் தினமும் சாவை எதிர்பார்க்க வச்சுட்டு அப்புறம் தூக்குல போடறது சரியில்லைன்னு ஆயுளாக் குறைச்சுது, ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்தாலே குறைக்கக் கேக்கலாம்னும் சொல்லுச்சு. அந்த ரெண்டு வருஷக் கணக்கை நம்ம சுப்ரீம் கோர்ட்டே 1989ல வேணாம்னு விட்டுருச்சு, அது வேற கதை.

ஆனா அதுக்குள்ள அந்தத் தீர்ப்பு கப்பல் ஏறிப் போயிருந்துச்சு. 1993ல ஜமைக்காக் கைதிங்க ரெண்டு பேர் கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில்ல வருது (பழைய பிரிட்டிஷ் காலனி நாடுங்க சிலதுக்குக் கடைசி அப்பீல் கோர்ட் அதுதான்), 14 வருஷமா மரணக்கொட்டடியில இருந்தவங்க, அந்தத் தீர்ப்புல நம்ம வைத்தீஸ்வரன் வழக்கை எடுத்துப் பேசுறாங்க. ஜிம்பாப்வே சுப்ரீம் கோர்ட்டும் அதே வருஷம் பேசுது. அந்தத் தீர்ப்புங்களைக் கையில வச்சுக்கிட்டு உகாண்டாவுல சூசன் கிகுலான்னு ஒரு பொண்ணும் கூட 417 கைதிகளும் கேஸ் போடறாங்க. கிகுலா மேல புருஷனைக் கொன்ன கேஸ், மரணதண்டனை. 2009 ஜனவரி 21ல அவங்க சுப்ரீம் கோர்ட், கொலைன்னாலே கட்டாயம் தூக்குதான்னு சட்டம் இருக்கக்கூடாது, ஜட்ஜ் யோசிச்சுத்தான் குடுக்கணும், கடைசித் தீர்ப்பு வந்து மூணு வருஷம் தூக்குல போடாம இழுத்தா ஆயுளா மாறிரணும்னு சொல்லிருச்சு. கட்டாயத் தூக்கு கூடாதுங்கறதை, ஆயுள்தண்டனையில இருக்கிறப்பவே கொலை பண்ணவங்க விஷயத்துல நம்ம கோர்ட் 1983லயே சொன்னதுதான்.

கிகுலா ஜெயில்லயே பிளஸ் டூ மாதிரி ஒண்ணைப் படிச்சு, லண்டன் யூனிவர்சிட்டியில தபால்ல சட்டம் படிச்சு, 2016ல வெளிய வந்தாங்க. யோசிச்சுப் பாருங்கம்மா, சேலமோ சென்னையோ ஒரு தமிழ்நாட்டுக் கைதி பேரு கம்பாலா ஜெயில்ல இருக்கிற ஒரு பொண்ணு கழுத்துல இருந்து கயிறை அவுக்கிறதுக்கு ஒரு முடிச்சு அளவுக்காவது உதவியிருக்கு.

அதே நூல் சுத்தி நம்மகிட்டயும் வந்துச்சு. 2014 பிப்ரவரி 18ல முருகன், சாந்தன், பேரறிவாளன் மூணு பேருக்கும் நீதிபதி சதாசிவம் பெஞ்ச் தூக்கை ரத்து பண்ணுச்சே, கருணை மனுவை 11 வருஷம் கிடப்புல போட்டதுக்காக, அதுவும் இந்தத் தாமத வாதம்தான். அற்புதம்மாள் அந்தத் துணிப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல் வாசலா ஏறினதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. அந்தத் தீர்ப்பு வந்த ஆறாவது நாள்தான் முசெவெனி அங்க கையெழுத்துப் போட்டார்.

இல்லத்தரசி, விருதுநகர்: படிச்சா மனசு கஷ்டமா இருக்கு. நான் இங்க உக்காந்துக்கிட்டு என்னங்க பண்ண முடியும்? பொண்ணு ஏதோ ஆன்லைன் பெட்டிஷன்ல கையெழுத்துப் போடச் சொல்றா.

பொண்ணு சொல்றதைப் போடுங்க, ஆனா யார் ஆரம்பிச்சதுன்னு பார்த்துட்டுப் போடுங்க. அந்த ஊர் அமைப்பு கேட்டதா, இல்லை எங்கயோ இருந்து யாரோ லைக்குக்காக ஆரம்பிச்சதான்னு. அந்தப் பசங்க போட்டோ, பேரு, ஊரு எதையும் பாவம்னு நினைச்சு வாட்ஸ்அப்ல சுத்த விடாதீங்க, அங்க ஒரு போட்டோ அச்சுல வந்ததுல என்ன ஆச்சுன்னு மேல எழுதியிருக்கேன்.

நான் காலேஜ் படிக்கிறப்ப, ஏரோகிராம்னு ஒரு நீலக் காகிதம் வரும், ஞாபகம் இருக்கா, மடிச்சு ஒட்டினா அதுவே கவர். ஒரு சீனியர் எங்களை உக்கார வச்சு, வாயில நுழையாத ஒரு நாட்டு மந்திரிக்கு, 'மதிப்பிற்குரிய ஐயா, இன்னாரோட தூக்குதண்டனையைக் குறைக்கும்படி பணிவோட கேட்டுக்கிறேன்'னு இங்கிலீஷ்ல எழுத வச்சார். எனக்கு 'மெர்சி'க்கு எழுத்துக்கூட்டவே டவுட்டு. திட்டாத, மரியாதையா எழுது, அவங்க ஊர்ச் சட்டத்துலயே என்ன இருக்கோ அதைக் காட்டிக் கேளுன்னு சொன்னார். அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியலை. அந்த சீனியர் மட்டும் அடுத்த மாசமும் ஒரு கட்டு ஏரோகிராமோட வந்து நின்னார், ஸ்டாம்ப் காசை எங்ககிட்ட வாங்கவே இல்லை.

அதே மாதிரிதான் இப்பவும், மெயில்ல. உங்க பொண்ணை டைப் பண்ணச் சொல்லுங்க, நீங்க சொல்லச் சொல்ல.

வாசகர், ராஜபாளையம்: போன தடவை உகாண்டா தலைநகர் நைரோபின்னு எழுதிட்டீங்க. அது கென்யா.

ஆமாங்க, கம்பாலாதான். பையன் ஆறாவது படிக்கிறான், அவனும் காலையில இதையேதான் சொன்னான். அடுத்த வாரம் ஊறுகாய்.